அடைக்கலப் பொருள்
(அரக்கோணத்தில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காவல் துறையார் கைப்பற்றும் பொருள் யாருடையது என்பதே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இதனைப் பேசத் தூண்டியது எம் அறியாமையே.

நம் உறவினர் ஒருவர் பால் வியாபாரம் செய்பவர். அவருடைய மோட்டார் சைக்கிள் களவு போயிற்று. பத்து நாளில் கள்வனும் அகப்பட்டான், வண்டியும் அகப்பட்டது. ஆயினும், வழக்கு முடியும்வரை தரவியலாது என்று சொல்லி, அதனைக் காவல் நிலைய முற்றத்தில் நிறுத்தி வைத்தனர். அவர் எம்மிடம் வந்து யோசனை கேட்டார். ‘சட்டம் அப்படியாயின் பொறுத்திருங்கள்’ என்றோம். இரண்டு மழைக்காலம் கழிந்தன. மனிதர் சைக்கிளில் பால் சுமந்தார்; வண்டியோ வேப்பமரத்தடியில் துருவேறிற்று. கள்வன் வைத்திருந்தது பத்து நாள். காவல் வைத்திருந்தது இரண்டாண்டு! பின்னர்ச் சட்டமறிந்த நண்பர் ஒருவரை அடுத்துக் கேட்டபொழுதுதான், யாம் உரைத்த யோசனை முழுத்தவறு என்பது விளங்கிற்று.

அன்பர்களே! தீர ஆராயாது பறித்த ஒரு சிலம்பால் மதுரை பட்ட பாட்டை நாம் அறிவோம். ஆராய்ந்து கைப்பற்றிய பொருளும் அரசினர் கையில் அடைக்கலப் பொருளே அன்றி உடைமை அன்று. இவ்வுண்மை நம் நாட்டு நீதிமன்றங்களில் நிலைபெறப் பல்லாண்டு சென்றது.

1947 செப்டம்பரில் மீரத் நகரில் ஒரு வணிகரைச் சந்தேகத்தின் பேரில் பிடித்து, அவரிடமிருந்த பொன்னையும் வெள்ளியையும் காவலர் எடுத்துக்கொண்டனர். அவர் விடுதலையானார், வெள்ளி திரும்பிற்று, நூறு தோலாவுக்கு மேற்பட்ட பொன் திரும்பவில்லை. அதனைக் காத்திருந்த தலைமைக் காவலரே கவர்ந்துகொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். கஸ்தூரிலால் வழக்கு எனப்படும் அதில், அரசாங்கம் ஈடு தரவேண்டுவதில்லை என்று 1964-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், கன்னட நாட்டுப் பசவ்வா என்னும் அம்மையாரின் நகைகள் காவல் நிலையத்தில் மறைந்தபொழுது, அவற்றின் மதிப்பை அரசே தரவேண்டும் என்று 1977-இல் அதே மன்றம் கட்டளையிட்டது.

குஜராத்தில், கைப்பற்றிய பொருளை மாற்றி வைத்ததாகவும், பணத்தைக் கையாண்டதாகவும், உரிமையின்றி ஏலம் விட்டதாகவும் காவலர் மீதே குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வழக்கில் (சுந்தர்பாய் அம்பாலால் தேசாய், 2002) உச்சநீதிமன்றம் தெளிவான வழி வகுத்தது: பொருளைப் படமெடுத்து, விவரம் எழுதி, ஜாமீன் பெற்று உரியவரிடம் விரைவில் ஒப்படைக்க வேண்டும், வண்டிகளை நிலையத்தில் நெடுநாள் நிறுத்துவதால் பயன் யாதுமில்லை. அதன் பின்னும் சென்னையில், 2012-இல் மத்தியப் புலனாய்வுத் துறையினர் முத்திரையிட்ட 400 கிலோ பொன்னில் 103 கிலோவுக்கு மேல் குறைந்ததாகக் கண்டு, 2020 டிசம்பரில் உயர்நீதிமன்றம் விசாரணைக்கு உத்தரவிட நேர்ந்தது.

அமெரிக்காவிலோ, பறித்த சொத்தில் ஒரு பங்கு காவல் துறைக்கே சேரும் வழியை 1984-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தது. பறிப்பவனே பயனடைவானாயின் தராசு நேர்நிற்குமோ? 10,000 டாலருக்கு மேல் அபராதம் விதிக்க இயலாத குற்றத்திற்கு 42,000 டாலர் வண்டியைப் பறிக்க முயன்ற வழக்கில், அளவுமீறிய தண்டம் விதித்தலாகாது என்னும் விதி மாகாணங்களையும் கட்டும் என 2019-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறிற்று. நம் நாட்டில் 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 107-ஆம் பிரிவோ, குற்றத்தால் ஈட்டிய பொருளை இழந்தவர்க்கு முதலில் பகிர்ந்தளித்து, எஞ்சியதையே அரசாங்கத்திற்குச் சேர்க்கிறது. இது நல்ல நெறி.

ஆனால், கேளாதவனுக்குச் சட்டம் ஊமை. ஆதலின் நம்மவர் மூன்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம். பொருளைக் கைப்பற்றும்பொழுதே மகஜர் நகலைக் கேளுங்கள். பதிவுச் சான்றையும் ரசீதையும் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். வழக்கு முடியட்டும் என்று காத்திராமல், மாஜிஸ்டிரேட் நீதிமன்றத்தில் மனுக் கொடுங்கள். 497, 503-ஆம் பிரிவுகள் அதற்கென்றே உள்ளன. கோர்ட்டுக்குப் போவது குடும்பத்திற்கு இழுக்கு என்று எண்ணுவோர் நம்மில் பலர். தன் பொருளைத் தான் கேட்பதில் இழுக்கு யாது?

சங்கத்து இளைஞருள் சட்டம் பயின்றோர் மாதம் ஒருநாள் இங்கிருந்து, எளியவர்க்கு இம்மனுவை எழுதிக் கொடுப்பாராக. எம் உறவினருக்கு அன்று நாம் செய்யத் தவறிய உதவி, இனி வருவோர்க்கேனும் கிட்டட்டும்.