அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வருமா?

(மாவட்ட மனநலத் திட்ட விழிப்புணர்வு முகாமில் மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாசம் ஓர் அம்மா, பிளஸ் டூ படிக்கிற மகளோடு புறநோயாளிப் பிரிவுக்கு வந்தாங்க. 'பைபோலார்' என்கிற இருதுருவ மனநோய்க்குப் பல வருஷமா மாத்திரை சாப்பிடுறவங்க. மகளை வெளியே உட்கார வெச்சிட்டு, "டாக்டர், என் வியாதி இவளுக்கும் வந்துடுமா?"ன்னு கேட்டாங்க.

இங்கேயும் சிலர் மனசில் இந்தக் கேள்வி இருக்கும். நேராகவே சொல்கிறேன். பொதுவாக 100 பேரில் சுமார் ஒருவருக்கு இந்நோய் வரலாம். தாய், தந்தையரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு வரலாம். இருவருக்கும் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். மனச்சோர்வு வரும் வாய்ப்பும் சற்று அதிகம். ஆனால் அந்த 100-ல் ஏறக்குறைய 90 பேருக்கு பைபோலார் வருவதில்லை. அதையும் சேர்த்தே பாருங்க.

இதற்கு ஒரே ஒரு மரபணு காரணமில்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. அதனால் ரத்தப் பரிசோதனை செய்து முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒரே மரபணு கொண்ட இரட்டையரிலும் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு.

நாம் செய்யக்கூடியது என்ன? நேரத்துக்குத் தூக்கம். கஞ்சா, மது வேண்டாம். பல நாள் இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், ஓயாமல் பேசி, கண்டபடி செலவு செய்தால் கவனிக்கணும். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்து கிடந்தாலும் காட்டணும். குடும்பத்தில் இந்நோய் இருப்பதை டாக்டரிடம் மறைக்காதீங்க. அதைப் பொறுத்து மருந்தே மாறும். குழந்தை பெறத் திட்டமிடுகிறவர்கள் முன்பே ஆலோசனை கேளுங்க. வால்ப்ரோயேட் போன்ற மருந்து கருவைப் பாதிக்கும். ஆனால் எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது.

அரசு மருத்துவமனைகளில் மனநல சிகிச்சை இலவசம். 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் நோய் விவரத்தை ரகசியமாகக் காக்க, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உங்களுக்கு உரிமை தருகிறது.

அந்த அம்மாவின் சம்மதத்தோடு மகளை உள்ளே கூப்பிட்டேன். அவள் சொன்னாள்: "எனக்கு எல்லாம் தெரியும் சார். பரீட்சைக்கு முன்னாடி தூக்கம் வரலைன்னா, எனக்கும் ஆரம்பிச்சிடுச்சோன்னு பயந்துட்டே படுத்திருப்பேன்."

பிள்ளைகளுக்குத் தெரியாதுன்னு நாம நினைக்கிறோம். அவங்க தனியா பயந்துட்டு இருக்காங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் பேசுங்க.