எல்லைப்புற மாகாணமும் நல்ல அதிபரும்



பண்டைச் சீனப் பேரரசு தன் தென்கோடி எல்லையை எவ்வாறு ஆண்டது என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

கி.மு. 111இல் ஹான் வமிசத்துப் பேரரசன் வூ, நான்யுவே இராச்சியத்தை வென்றான். இன்றைய வியட்நாமின் வட, மத்திய பகுதிகளில் சியாவ்சி, சியூசென், ரீநான் என்னும் மாவட்டங்கள் அமைந்தன. கி.பி. 2ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சியாவ்சியில் 746,237 பேரும், கடைக்கோடி ரீநானில் 69,485 பேரும் இருந்தனர். அக்கரையிலிருந்து கப்பல்கள் சென்ற ஹுவாங்சி என்னும் நாடு நமது காஞ்சியே என்பது அறிஞர் சிலர் கருத்து.

மொழியாலும் வழக்கத்தாலும் வேறுபட்ட அம்மக்களிடம் வரி வாங்குதல் எளிது. அவர்தம் முறைப்பாட்டைக் கேட்டல் அரிது. கி.பி. 40இல் துருங் சகோதரியர் கிளர்ந்தெழுந்தனர். சேனாபதி மா யுவான் 43இல் அவர்களை அடக்கினான். அவன் வாய்க்கால்கள் வெட்டுவித்தான். அந்நாட்டு வழக்குக்கும் ஹான் சட்டத்துக்கும் இடையே பத்துக்கு மேற்பட்ட வேற்றுமைகள் உளவென அரசனுக்கு எழுதி, பழைய விதிகளை மக்களுக்குத் தெளிவுறுத்தினான். ஆயினும், அம்மக்களின் வெண்கல முரசுகளைக் கொண்டு குதிரை உருவம் வார்த்தவனும் அவனே.

கி.பி. 137இல் ரீநானின் சியாங்லின் பகுதியிற் கலகம் மூண்டது. அதை அடக்கத் திரட்டிய படையே, தூரப் பயணத்துக்கு அஞ்சிக் கலகஞ் செய்தது. மறு ஆண்டு, நாற்பதினாயிரம் வீரரை அனுப்புவோம் என்றனர் அரசவையினர். லி கூ என்னும் அதிகாரி மறுத்தார். அவர் காட்டிய கணக்கைக் கேளுங்கள். வழி 9,000 லிக்கு மேல். நாலு லி ஏறக்குறைய ஒரு மைல். நாளொன்றுக்கு 30 லி நடந்தால் 300 நாள். உண்பதற்கு மட்டும் 600,000 ஹு தானியம் வேண்டும். வெப்பத்தாலும் நோயாலும் பத்தில் நாலைந்து பேர் மாள்வர். ஆகவே, படை வேண்டாம். தகுந்த அதிபர்களை அனுப்புங்கள் என்றார்.

அவ்வாறே சாங் சியாவ் சியாவ்சிக்கும், சூ லியாங் சியூசெனுக்கும் நியமனம் பெற்றனர். முன்னவர் நேர்மையாற் குடிகளின் நம்பிக்கையைப் பெற்றார். பின்னவரோ தனி வண்டியொன்றிற் கலகக்காரர் நடுவே சென்றார். பல்லாயிரவர் பணிந்தனர், பணிந்தவர்களே அவருக்கு அரசாங்க மனையையும் கட்டிக் கொடுத்தனர்!

எனினும் அந்த அமைதி நிலைக்கவில்லை. 184இல் மீண்டும் கலகம். விசாரிக்க வந்த சியா சோங்கிடம் மக்கள் கூறிய காரணம் யாது? வரி மிகுதி, தலைநகர் தூரம், முறையிட இடமில்லை என்பதே. அவரும் நல்லவர், சுமையைக் குறைத்தார், ஓராண்டில் அமைதி கண்டார். ஆயினும் அந்நூற்றாண்டின் இறுதியிற் சியாங்லின் பேரரசைவிட்டு நீங்கித் தனி நாடாயிற்று.

அன்பர்களே, அரசனின் ஆணை 9,000 லி சென்றது. குடிகளின் குரலோ அவ்வளவு தூரம் செல்லவில்லை. நல்ல அதிபர் வந்தபோது நாடு தளிர்த்தது. அவர் போனபின் மறுபடியும் வாடியது. ஒருவரது நற்குணத்தை மட்டும் நம்பி நிற்கும் நீதி, அவர் வண்டியேறும் நாளில் அவருடனேயே போய்விடும். முறையிடுவதற்கு நிலையானதோர் இடம் வேண்டும். இவ்வரலாற்றை எழுதியவர்களும் அரசவைப் புலவர்களே. அம்மக்கள் தம் மொழியிற் சொன்னதைக் குறித்துவைத்தார் எவருமிலர்.

நம்மிற் சிலர் நாளை உத்தியோகமேற்று, மொழியறியா ஊர்களுக்குச் செல்லக்கூடும். அங்கே முதலிற் செய்யவேண்டியது ஆணையை வாசிப்பதன்று; செவி கொடுப்பதே.