குற்றமா, தவறா? அவல நாடகச் சொற்கள் சில



அவல நாடகம் கற்போர் முதலில் எதிர்கொள்ளும் கலைச்சொற்கள் பல, அரிஸ்ரோட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘கவிதையியல்’ நூலிலிருந்து வந்தவை. அந்நூல் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டும் நாடகம் சொபொக்கிளிஸின் ‘ஈடிப்பஸ் மன்னன்’. அதனோடு வைத்தே அச்சொற்களைப் பார்ப்போம்.

தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. முந்திய மன்னன் லாயஸைக் கொன்றவனைக் கண்டு தண்டித்தாலே நகர் மீளும் என்கிறது தெய்வவாக்கு. கொலையாளியைச் சபிக்கிறான் ஈடிப்பஸ். சாபம் தன்மீதே விழுவதை அவன் அறியான்; கதை தெரிந்த அவையோர் அறிவர். இதனைப் பிற்காலத்தார் ‘நாடக முரண்’ என்றனர்.

கொரிந்திலிருந்து தூதன் வருகிறான். மன்னனின் அச்சத்தைப் போக்க எண்ணி, “பொலிபஸ் உன்னைப் பெற்றவர் அல்லர்” என்கிறான். அச்சம் தீரவில்லை, அழிவு நெருங்குகிறது. இவ்வாறு எண்ணியதற்கு மாறாக நிகழ்ச்சி திரும்புவது ‘பெரிபெற்றியா’. அறியாமை நீங்கி உண்மை புலப்படுவது ‘அனக்னோரிசிஸ்’. இவ்விரண்டும் இணைந்து வருவதே சிறப்பு என்றார் அரிஸ்ரோட்டில்.

இடர் தருவது ‘ஹமார்த்தியா’ என்ற சொல். குறி தப்புதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது அது. கிரேக்க மொழியிலமைந்த புதிய ஏற்பாட்டில் இதே சொல் பாவத்தைக் குறித்தது. பாடக்குறிப்புகளிலோ ‘நாயகனின் குணக்குறை’ என்றாயிற்று. மாணவரும் அகந்தையா, சினமா என்று தேடத் தொடங்கினர்.

ஈடிப்பஸ் சினக்காரன்தான், முச்சந்தியிலே முதியவர் ஒருவரைக் கொன்றவன்தான். ஆனால் அவர் தன் தந்தை என்பதை அவன் அறியான். தந்தையைக் கொல்வாய் என்ற வாக்குக்கு அஞ்சி, பிறந்தகம் என்று நம்பிய கொரிந்தை விட்டு ஓடியவனும் அவனே. விலகி ஓடிய வழியே அவனை அக்கொலையிடம் கொண்டுசேர்த்தது.

தகாத துன்பம் கண்டு இரக்கமும், நம்மைப் போன்றவனுக்கு நேர்ந்ததே என்று அச்சமும் பிறக்கும் என்கிறார் அரிஸ்ரோட்டில். அவ்விரண்டின் வழியாகவே ‘கதார்சிஸ்’ என்னும் உணர்ச்சித் தூய்மை வாய்க்கும். ‘குற்றம்’ என்று எழுதிவிட்டால் நாம் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்துவிடுகிறோம். தண்டனை பெற்றவனுக்காக யார் அஞ்சுவர்? ‘தவறு’ என்று எழுதினால் அவன் அருகில் நிற்கிறோம்.

எனவே மாணவர்களே, கலைச்சொல்லை மனனம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். அது உங்களை நாடகத்தின் எப்பக்கத்தில் நிறுத்துகிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள்.