சுவரில் இருந்த கைத்தடம்

(வட்டார வள மையத்தில் நடந்த பணியிடைப் பயிற்சியில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் கணக்கு டீச்சர். கட்டட வேலை படித்தவள் அல்ல. ஆனாலும் இன்றைக்குப் படிக்கட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எங்கள் பள்ளி பழைய மாடிக் கட்டடம். ஆறாம் வகுப்பு மேலே, கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் கீழே. என் வகுப்பில் கால் தசைகளில் பலம் குறைந்த ஒரு பிள்ளை சேர்ந்தாள். பெயர் வேண்டாம். இடைவேளை முடிந்து மணி அடித்தால் எல்லாரும் வந்துவிடுவார்கள், அவள் மட்டும் தாமதமாக வருவாள். இரண்டு முறை கடிந்துகொண்டேன். பிறகு தாமதம் நின்றுவிட்டது. திருந்திவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து அவள் அம்மா வந்து, “டீச்சர், பாப்பா பள்ளிக்கூடத்துல தண்ணியே குடிக்கிறதில்ல, கீழ இறங்கணும்னு” என்றார். காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குகிறாள். வகுப்பாசிரியர் நான்; எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை பள்ளி விட்ட பிறகு அந்தப் படிக்கட்டில் நின்று பார்த்தேன். வெள்ளையடித்த சுவரில், படிகளோடு சேர்ந்து ஏறும் ஓர் அழுக்குக் கோடு. அவளும், அவளைப் போல இன்னும் சில சின்னப் பிள்ளைகளும் உள்ளங்கையை ஊன்றிய தடம். படியின் விளிம்பிலிருந்து அளந்தேன், 74 சென்டிமீட்டர். அந்த இடத்தில் பிடிக்க எதுவும் இல்லை. எதிர்ப்பக்கம் கைப்பிடிச் சுவர் உண்டு. ஆனால் அது 23 சென்டிமீட்டர் அகலம். அதன்மேல் கையை வைக்கலாம், பிடிக்க முடியாது.

மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2021இல் வெளியிட்ட அனைவருக்குமான அணுகல் வழிகாட்டுதல்களை அதன் பிறகுதான் எடுத்துப் படித்தேன். படிக்கட்டின் இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி வேண்டும். இரண்டு உயரங்களில், 76 சென்டிமீட்டரிலும் 90 சென்டிமீட்டரிலும். என் பிள்ளைகளின் கை காட்டிய இடத்துக்கும் கீழ்க்கம்பிக்கும் இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம்! கம்பி உருண்டையாக, 38 முதல் 45 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்க வேண்டும். விரல் சுற்றி வளைந்து பிடிக்கும் அளவு அது. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. இல்லையென்றால் விரல் முட்டி சுவரில் உரசும்.

இரு பக்கமும் எதற்கு என்று நானும் கேட்டேன். ஒரு கை மட்டும் பலமாக உள்ள பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஏறும்போது வலப்பக்கம் இருக்கும் கம்பி, இறங்கும்போது இடப்பக்கம் ஆகிவிடுகிறது.

இன்னொன்று. முதல் படிக்கு முன்னும் கடைசிப் படிக்குப் பின்னும் கம்பி 30 சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். வெல்டிங் செய்பவர்கள் பெரும்பாலும் படி முடிகிற இடத்திலேயே வெட்டிவிடுவார்கள், பார்க்க அழகாக இருக்கும் என்று. காலைத் தூக்கும் முன்பே கைக்குப் பிடிமானம் கிடைக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த 30.

படிக்கட்டு என்றாலே நமக்குக் கும்பகோணம் நினைவுக்கு வரும். 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். அதன் பிறகு பள்ளிப் படிக்கட்டின் அகலத்தையும் மாற்று வழியையும் பார்க்கப் பழகிவிட்டோம். கைப்பிடியை யாரும் பார்ப்பதில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அளவு நாடாவைக் கொடுத்தேன். படியின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமல், கால் வைக்கும் அகலம் 30க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தைக் கூட்டினால் அறுபதைச் சுற்றி வரவேண்டும் என்பது பிரான்சில் பிளோந்தெல் என்பவர் பதினேழாம் நூற்றாண்டில் சொன்ன கணக்கு. நம் விதிப்படியும் சரியாக அறுபது. எங்கள் படிகள் 16. கடைசிப் படி மட்டும் 19! பிறகு எப்போதோ மாடித் தரைக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள், அந்தக் கனம் மேல்படியில் ஏறிவிட்டது. எல்லாப் படியும் உயரமாக இருந்தால் கால் பழகிக்கொள்ளும். ஒன்று மட்டும் மாறினால்தான் இடறும். அந்தப் படியில் எத்தனை பிள்ளைகள் விழுந்திருக்கிறார்கள், “பார்த்துப் போ” என்று எத்தனை முறை திட்டியிருக்கிறோம்!

அடுத்து, வாசல் சாய்தளம். தரைமட்டம் 45 சென்டிமீட்டர் உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதப்படி 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இருந்தது இரண்டு மீட்டர். சக்கர நாற்காலி அதில் ஏறாது, இறங்கினால் கவிழும். அதைக் கண்டுபிடித்தது ஒரு மாணவன். விகிதப் பாடம் அவனுக்கு அன்றுதான் புரிந்தது.

தலைமையாசிரியர் மறுநாளே ஆறாம் வகுப்பைக் கீழே மாற்றிவிட்டார். அதுதான் முதலில் செய்ய வேண்டியது, ஒரு ரூபாய் செலவில்லை. பிறகு எதற்குக் கம்பி என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டார்கள். கணினி ஆய்வகம் மேலேதானே இருக்கிறது? அவள் மட்டும் கீழே உட்கார்ந்திருக்க வேண்டுமா? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16, பள்ளிக் கட்டடமும் வளாகமும் வசதிகளும் அவர்கள் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. அதைத் தீர்மானத்தில் எழுதினோம். பட்டறை வைத்திருக்கும் ஒரு பெற்றோர் கூலி வாங்காமல் எஸ்.எஸ். பைப்பைப் பொருத்திக் கொடுத்தார். நீட்டவேண்டிய 30 சென்டிமீட்டருக்காக அவரோடு சண்டையே போட்டேன்.

கடைசிப் படியை இடித்துக் கட்ட முடியவில்லை. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் மஞ்சள் பட்டை அடித்தோம், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அது உதவும். ஆறு மாதத்தில் தேய்ந்துவிடுகிறது, மறுபடி அடிக்கிறோம். சாய்தளம் இன்னும் இரண்டு மீட்டர்தான், மதிப்பீடு போயிருக்கிறது.

அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாவது. வகுப்பு மேலேதான். தண்ணீர் பாட்டிலோடுதான் வருகிறாள்.

அளவு நாடா என் பையில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் இந்த மையத்துப் படிக்கட்டை அளந்து பார்க்கலாம். காலையில் வரும்போது மேல்படியில் எனக்கு இடறியது.