டாம் மேளத்தை எதில் தொங்கவிடுவது?



தோட்டப்புற இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து இசைக்குழு அமைப்பது நமக்குப் புதிய செய்தியன்று. திருமண விருந்து, கோயில் திருவிழா, தீபாவளிக் கலைநிகழ்ச்சி என்று ஆண்டில் பல இரவுகள் இக்குழுக்களுக்கு வேலை இருக்கிறது. ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்ட பணத்தில் கிட்டாரும் கீபோர்டும் ஒலிபெருக்கியும் வாங்கியபின், மிஞ்சிய தொகைக்கு யாரோ வாசித்துக் கழித்த டிரம் செட் ஒன்றை வாங்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கொண்டுவந்து பூட்டிப் பார்த்தால், பேஸ் டிரம் நன்றாக முழங்குகிறது. ஸ்நேர் பளிச்சென்று பேசுகிறது. ஆனால் பேஸ் டிரம்மின் முதுகில் உட்கார்ந்திருக்கும் இரண்டு டாம்கள் மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் 'டப்' என்று அடங்கிவிடுகின்றன. புதுத் தோல் போட்டுப் பார்க்கிறார்கள், திருகாணிகளை முறுக்கியும் தளர்த்தியும் பார்க்கிறார்கள், பயன் இல்லை. "மேளமே மட்டம், வேறு செட் வாங்கிவிடுங்கள்" என்று யாராவது யோசனை சொல்கிறார். வேறு செட் என்றால் அப்பா அம்மாவின் சம்பளத்தில்தான் கைவைக்க வேண்டும். ஆகவே இன்றைய உரையைப் பிள்ளைகளோடு பெற்றோரும் சேர்ந்து கேட்பது நல்லது.

குறை மேளத்தில் இல்லாமல், மேளத்தைப் பிடித்திருக்கும் இரும்பில் இருக்கக்கூடும் என்பதுதான் நாம் சொல்லவரும் செய்தி.

வெண்கலச் செம்பு ஒன்றைக் கையால் இறுகப் பற்றிக்கொண்டு கரண்டியால் தட்டிப் பாருங்கள். ஓசை உடனே செத்துவிடும். அதே செம்பின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுத் தட்டினால் 'ணங்' என்று நீண்டு ஒலிக்கும். பழைய பள்ளிக்கூடங்களில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டைக் கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள். அது தரையில் கிடந்தால் யாருக்குக் கேட்கும்? நம்முடைய உருமியையும் பறையையும் தவிலையும் எண்ணிப் பாருங்கள். அவற்றை வாரில் கோத்துத் தோளில் மாட்டிக்கொள்கிறோமே தவிர, எவரும் ஆணி அடித்துத் தூணில் இறுக்குவதில்லை.

டிரம் செட்டில் நடந்தது வேறு. 1930களுக்கு முன் அமெரிக்க வாத்தியக்காரர்கள் வைத்திருந்த டாம்கள் சீனத்திலிருந்து வந்தவை. தோலைக் கூட்டின்மேல் ஆணியால் அடித்திருப்பார்கள். சுருதி கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை. பிறகு திருகாணி வைத்து இரண்டு பக்கமும் முறுக்கக்கூடிய டாம் வந்தது. ஜீன் குரூப்பா என்ற புகழ்பெற்ற வாத்தியக்காரரும் சிலிங்கர்லேண்ட் நிறுவனமும் அதைப் பரப்பினார்கள். வாசிப்பவருக்குக் கை எட்டும் இடம் பேஸ் டிரம்மின் உச்சி. அங்கே ஒரு தாங்கியைப் பொருத்தி, டாமின் கூட்டில் இரும்புப் பூட்டு ஒன்றை ஆணிகளால் இறுக்கி மாட்டினார்கள். பேர்ல் நிறுவனத்தின் பழைய முறையில் ஒரு பருத்த குழாய் கூட்டின் துளை வழியாக உள்ளேயே நுழைந்து நிற்கும். பிடி உறுதி, ஆனால் அடிக்கும்போது கூட்டில் எழும் அதிர்வில் ஒரு பகுதி அந்தப் பூட்டு வழியாக இரும்புக் கம்பிக்கும், அங்கிருந்து கனத்த பேஸ் டிரம்முக்கும் ஓடிவிடுகிறது. மேளத்தில் தங்கி ஒலிக்கவேண்டியது வெளியே வடிந்துபோகிறது.

இதற்கு மாற்று கண்டவர்களில் கேரி காகர் என்ற அமெரிக்கர் முக்கியமானவர். அவருடைய 'ரிம்ஸ்' என்ற தொங்கு தாங்கி 1980களில் பரவியது. கூட்டில் எதையும் இறுக்குவதில்லை. பிறை வடிவில் ஒரு இரும்புப் பட்டை; அதில் சில ரப்பர் புஷ்கள். மேல்தோலை முறுக்கும் திருகாணிகள் அந்த ரப்பர் புஷ்களின் ஊடே இறங்கிப் போகின்றன. மேளத்தின் பாரம் முழுவதும் ரப்பரின்மேல் உட்காருகிறது. கம்பியைப் பட்டைதான் பிடிக்கிறது, கூட்டை எதுவும் தொடுவதில்லை. மேளம் தொங்குகிறது என்றே சொல்லலாம். இன்று பல நிறுவனங்கள் தத்தம் பெயரில் இத்தகைய தாங்கிகளைச் செய்கின்றன.

இதில் வேலை செய்வது ரப்பர் அல்லவா? பால்மரத்தைப் பற்றி நேயர்களுக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. 12 அங்குல டாமின் தோல் நொடிக்கு நூறு முதல் இருநூறு முறைக்குள் அதிரும். ரப்பர் இளக்கமாக இருப்பதால் இவ்வளவு விரைவான துடிப்பை அடுத்த பக்கத்துக்குக் கடத்தாமல் தன்னளவில் நிறுத்திவிடுகிறது. லாரியின் வில்லுப்பட்டை பள்ளத்தின் குலுக்கலைப் பெட்டிக்கு விடாமல் தடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டால் தொங்கு தாங்கிக்கும் பழைய பூட்டுக்கும் வேறுபாடு குறைந்துவிடும். பழைய தாங்கி வாங்கும்போது முதலில் நகத்தால் அந்தப் புஷ்ஷை அழுத்திப் பாருங்கள். வெடிப்பு இருந்தாலோ நகம் பதியாவிட்டாலோ புதுப் புஷ் வேண்டும். அது சிறு செலவுதான். துருவைப் போக்குவதற்காக மண்ணெண்ணெயோ எஞ்சின் எண்ணெயோ அதில் படவிடாதீர்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிக் கொழகொழத்துப் போவதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள்.

சரி, நம் செட்டுக்குத் தொங்கு தாங்கி தேவைதானா? கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரு காசு செலவில்லை. டாமைத் தாங்கியிலிருந்து கழற்றுங்கள். அதன் மேல்வளையத்தை ஒரு திருகாணிக்குப் பக்கத்தில் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டும் பிடித்துத் தூக்குங்கள். கூட்டில் கை படக்கூடாது. இன்னொருவர் குச்சியால் தோலின் நடுவில் அடிக்கட்டும். ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறது, அடியில் கும்மென்ற கனம் இருக்கிறதா என்று கேளுங்கள். உடனே மறுபடியும் தாங்கியில் மாட்டி, அதே ஆள் அதே பலத்தில் அடிக்கட்டும்.

கையில் இருக்கும்போது பாடி, மாட்டியபின் அடங்கினால், திருடன் தாங்கிதான். இரண்டிடத்திலும் ஒன்றுபோலவே ஒலித்தால் தாங்கிக்குப் பணம் கொடுப்பது வீண். இரண்டிடத்திலும் 'டப்' என்றே கேட்டால் தோலோ, சுருதி சேர்த்த முறையோ, தோல் அமரும் கூட்டின் விளிம்போ கெட்டிருக்கிறது. எத்தனை விலையுயர்ந்த தாங்கியும் அதைச் சரிசெய்யாது. இந்த மூன்றாவது நிலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள் என்பது நம் கருத்து. புதுப் பொருள் வாங்கினால் பழைய குறை போய்விடும் என்ற ஆசை எல்லாரையும் பிடிப்பதுதான்.

சோதனையில் வேறுபாடு தெரிந்ததென்றே கொள்வோம். வாங்கும்போது முதலில் அளவு. பிறைப்பட்டைத் தாங்கிகள் மேளத்தின் குறுக்களவுக்கும் திருகாணிகளின் எண்ணிக்கைக்கும் ஏற்பச் செய்யப்படுகின்றன. 12, 13 அங்குல டாம்களில் ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் 6 திருகாணி இருக்கும். மலிவான செட்டுகளில் 5 இருப்பதும் உண்டு. 6 திருகாணிக்குச் செய்த பட்டை 5 திருகாணி மேளத்தில் உட்காராது. எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் டாமையே தூக்கிக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்து, பேஸ் டிரம்மிலிருந்து வரும் கம்பியின் பருமன். பேர்ல் முறைக் குழாய் 7/8 அங்குலம். வேறு பல செட்டுகளில் வளைந்த கம்பி 10.5 மில்லிமீட்டர், யமஹாவில் ஆறு பட்டைக் கம்பி வரும். தாங்கியின் வாய் இதற்குப் பொருந்தாவிட்டால், கம்பியையும் மாற்று, அதன் அடியையும் மாற்று என்று செலவு இழுத்துக்கொண்டே போகும்.

மேல்வளையத்தையும் தடவிப் பாருங்கள். 2.3 மில்லிமீட்டர் தகடு என்றால் பாரத்தைத் தாங்கும். மலிவான செட்டுகளில் வரும் 1.6 மில்லிமீட்டர் மெல்லிய வளையம், கனத்த மேளம் தொங்கும்போது சற்றே நெளிந்து சுருதியைக் கலைக்கும். அப்படிப்பட்ட மேளத்துக்கு இரண்டு இடத்தில் பிடிக்கும் சிறு தாங்கியைவிட, நான்கு திருகாணிகளில் பாரத்தைப் பகிரும் பட்டையே மேல். மேல் திருகாணியையும் கீழ்த் திருகாணியையும் சேர்த்துப் பிடிக்கும் வகையும் உண்டு. பேர்லின் ஆப்டிமவுண்ட் அவ்வகை. பாரம் இரண்டு வளையங்களுக்கும் பிரிவதால் மேளம் குறைவாக ஆடும். யமஹாவின் முறையில் பூட்டு கூட்டிலேயே இருக்கும். ஆனால் அதிர்வு மிகக் குறைவான இடமாகப் பார்த்து, ரப்பர் வைத்துப் பொருத்தியிருப்பார்கள். அது செட்டோடு வரவேண்டிய ஒன்று. நாம் பின்னால் வாங்கிப் பொருத்துவதற்கு ஏற்றதன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. புதிய பூட்டு வைக்க வேண்டுமென்று சிலர் துளைக்கருவியை எடுத்துக்கொண்டு கூட்டில் இறங்கிவிடுகிறார்கள். பலகையில் போட்ட துளை போட்டதுதான். ஒட்டுப்பலகை பிளந்தால் மேளமே போயிற்று, விற்கும்போது விலையும் இறங்கும். தொங்கு தாங்கியின் பெரிய நன்மையே துளை வேண்டாம் என்பதுதான். பழைய பூட்டைக் கழற்றிய ஆணித்துளைகளில் அதே ஆணிகளை வாஷரோடு போட்டு மூடிவிடுங்கள். பூட்டை ஒரு பையில் கட்டிச் செட்டோடு வைத்திருங்கள். நாளை விற்கும்போது கேட்பார்கள்.

தொங்கு தாங்கியில் தொல்லையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மேளம் கொஞ்சம் துள்ளும். வேகமாக வாசிப்பவருக்கு அது எரிச்சல் தரலாம். பட்டை இடத்தை அடைப்பதால் இரண்டு டாம்களும் முன்போல் நெருங்கி நிற்கா. தோல் மாற்றும்போது பட்டைக்குள் போகும் திருகாணிகளையும் கழற்ற வேண்டியிருப்பதால், நிகழ்ச்சிக்கு நடுவே தோல் கிழிந்தால் அவசரத்துக்கு ஆகாது. இன்னொன்று வேடிக்கையானது: பணம் போட்டு ஓசையை நீளவைத்தவர்கள், சிறிய மண்டபத்தில் அது எதிரொலித்துப் பாடகரை மறைக்கிறது என்று தோலின்மேல் பசைநாடா ஒட்டி மறுபடியும் அடக்குகிறார்கள்! சிறு மண்டபங்களில் மட்டும் வாசிக்கும் குழு என்றால் பழைய பூட்டே போதுமானதாக இருக்கலாம். திறந்தவெளித் திருவிழாவில் ஒலிவாங்கி இல்லாமல் வாசிப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

பணமே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சிறிய டாமைப் பழைய ஸ்நேர் தாங்கியில் உட்காரவைக்கலாம்; அதன் மூன்று விரல்களும் அடிவளையத்தை இறுகக் கவ்வாமல், விழாத அளவுக்கு மட்டும் அணைத்திருக்க வேண்டும். பூட்டுக்கும் கூட்டுக்கும் நடுவில் சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டை வைத்து அளவோடு முடுக்கினாலும் ஓரளவு பலன் உண்டு. தரையில் நிற்கும் பெரிய டாமுக்குக் கால்களின் அடியில் மடித்த துணியோ பஞ்சு மெத்தைத் துண்டோ வைத்துப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் செத்துக் கிடந்த மேளம் மூச்சுவிடுவது கேட்கும். 16 அங்குல மேளத்தைத் தொங்கவிடும் ஆசை வேண்டாம். அதற்குக் கால்களே நல்லவை.

பேஸ் டிரம்மை விட்டு, சிம்பல் நிற்கும் முக்காலியில் கொக்கி போட்டு டாமைத் தொங்கவிடுவோரும் இருக்கிறார்கள். அப்போது முக்காலியின் ஒரு கால் மேளத்தின் நேர் அடியில் வரவேண்டும். இரண்டு காலுக்கு நடுவில் பாரம் தொங்கினால் முக்காலி சாயும். லாரியை மேடையாக்கி வாசிக்கும் இடங்களில் முன்வரிசையில் சிறுபிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் தாங்கியின் காது நட்டுகளைக் கையால் முடுக்கிப் பாருங்கள். குறடு போட்டு இறுக்கினால் மரை தேய்ந்துவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் டாம்களைப் பேஸ் டிரம்மின் மேலேயே விட்டு லாரியில் ஏற்றாதீர்கள். பாதையின் ஒவ்வொரு குழியும் அந்த ரப்பர் புஷ்ஷின் தலையில்தான் விழும். கழற்றித் தனியே துணி சுற்றிக் கொண்டுவாருங்கள்; மழையில் நனைந்திருந்தால் பட்டையை அன்றிரவே துடைத்துக் காயவையுங்கள்.