அரைக்கால் திருப்பு
(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேசைமேல் இருக்கும் இந்த வண்டியைப் பார்த்துவிட்டு, "பொம்மையோடு வந்துட்டீங்களே சார்" என்று தேநீர் வேளையில் இரண்டு பேர் கேட்டார்கள். பொம்மைதான். ஆனால் உள்ளே இருப்பது உண்மையான இன்ஜின். டாங்கைக் காலி செய்து, துடைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறேன். தைரியமாகக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

என் மைத்துனர் வளைகுடாவில் வேலை பார்த்தபோது வாங்கி, ஊர் திரும்பும்போது கொண்டுவந்த நைட்ரோ டிரக் இது. ரிமோட்டில் ஓடும். இன்ஜினின் கொள்ளளவு 3.3 சி.சி. நம் 100 சி.சி. பைக்கில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. ஆனால் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுற்றும்.

இதில் பெட்ரோல் ஊற்றுவதில்லை. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று தேவை. மெத்தனாலுக்கு ஆறரை கிராம் போதும். நைட்ரோமீத்தேனுக்கு 2 கிராம்கூட வேண்டாம். அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் ஒரே அளவு காற்றில் கூடுதல் எரிபொருளை எரித்துக் கூடுதல் ஆற்றல் பெறலாம். பிளக்கில் தீப்பொறியும் கிடையாது. பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. தொடங்கும்போது மட்டும் பேட்டரியால் சூடாக்கினால் போதும். பிறகு பிளாட்டினம் வினையூக்கியாக வேலை செய்ய, கம்பி தானே கனன்றுகொண்டிருக்கும். வினையூக்கிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஓர் எச்சரிக்கை. கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளில் நாம் படிக்கும் அதே மெத்தனால்தான் இது. தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் பள்ளியில் எரிபொருளை மாணவர் யாரும் தொட்டதில்லை. தலைமையாசிரியரின் அனுமதியோடு, சனிக்கிழமைகளில், திறந்த மைதானத்தில், பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்துத்தான் ஓட்டினோம்.

அந்த ஆண்டு நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியர், வகுப்பாசிரியரும் நான்தான். முதல் நாள் ஓட்டிக் காட்டியதும் வந்த கேள்வி: "எவ்வளவு வேகம் போகும் சார்?" அடுத்த கேள்வி: "இன்னும் கூட்ட முடியுமா?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன். சக்கரத்தின் விட்டம் 14 செ.மீ. சுற்றளவு 44 செ.மீ. இன்ஜின் பக்கத்துச் சிறிய பல்சக்கரத்தில் 18 பற்கள், பெரியதில் 72. விகிதம் 4. அதற்கு அப்பால் உள்ள கியர்கள் இன்னும் 5 மடங்கு குறைக்கின்றன. ஆக, இன்ஜின் 20 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இன்ஜின் நிமிடத்துக்கு 28,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் சக்கரம் 1,400 சுற்று. மணிக்கு 37 கி.மீ. வருகிறது.

சிறிய சக்கரத்தை 20 பல்லாக மாற்றினால் 41 கி.மீ.; 22 பல்லாக மாற்றினால் 45 கி.மீ. பிள்ளைகளே போட்ட கணக்கு. பின்னம் என்றால் முகம் சுளிக்கும் பிள்ளைகள், பற்களை விரல் வைத்து எண்ணி எண்ணிப் போட்டார்கள்.

பிறகு மைதானத்தில் 50 மீட்டர் அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டி முழு வேகம் பிடித்த பிறகு கோட்டைக் கடக்கும்படி ஓட்டினோம். ஸ்டாப்வாட்ச், ஒவ்வொரு முறையும் மூன்று ஓட்டம், சராசரி. 18 பல்லுக்கு 5.4 நொடி, அதாவது மணிக்கு 33 கி.மீ. 20 பல்லுக்கு 4.9 நொடி, 37 கி.மீ. ஆவலோடு 22 பல்லைப் போட்டோம். 5.1 நொடி! வேகம் 35 கி.மீ.க்கு இறங்கிவிட்டது.

"கணக்கு தப்பா சார்?" என்று கேட்டார்கள். கணக்கு சரி. 28,000 சுற்று என்று நாம் வைத்துக்கொண்டதுதான் அங்கே நிற்கவில்லை. காற்றின் தடை வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. அதை வெல்லத் தேவையான திறன் மும்மடியாகக் கூடுகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட, காற்றுக்காக மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன் வேண்டும். பெரிய கியரைப் போட்டதும் சின்ன இன்ஜின் திணறி, சுற்றைக் குறைத்துக்கொண்டது. சுமக்க முடிகிற அளவுக்குத்தான் கியர் உதவும். அன்று அந்த ஒரு பாடத்தை நடத்தியது நானல்ல, அந்த வண்டிதான்.

20 பல்லோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு 40 கி.மீ. ஆசை வந்துவிட்டது. கார்புரேட்டரில் ஓர் ஊசித் திருகு இருக்கிறது. வலப்பக்கம் திருப்பினால் எரிபொருள் குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும். முழுச் சுற்றாகத் திருப்பவே கூடாது. கால், அரைக்கால், மாகாணி என்று நம் தாத்தாக்கள் சொன்ன கணக்குதான் இங்கே. ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு. முடிந்தால் மாகாணி, பதினாறில் ஒரு பங்கு. திருப்பி, ஓட்டி, பார்த்து, குறித்துவைத்து, பிறகுதான் அடுத்த திருப்பு. முழு வேகத்தில் மெல்லிய புகை வால்போல் தொடர வேண்டும். நிறுத்தியதும் இன்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சில நொடி கொதித்து அடங்க வேண்டும். பட்டதும் மறைந்தால் சூடு அதிகம்.

முதல் அரைக்கால் திருப்பில் 4.8 நொடி. இரண்டாவதில் 4.6. பிள்ளைகள் கைதட்டினார்கள். மூன்றாவது திருப்பிலும் வண்டி சீறிக்கொண்டுதான் கிளம்பியது. ஓரமாக நின்ற ஒரு மாணவன் மட்டும் ஓடிவந்தான். மாலையில் மாமாவின் மெக்கானிக் கடையில் நிற்கிறவன். வகுப்புக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வருவான்.

"சார், நிறுத்துங்க சார். வண்டி காயுது. புகையே வரல."

"இன்னும் ஒரே ஓட்டம்டா" என்றேன். பாதி மைதானத்தில் கீச்சென்று ஒரு சத்தம். பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

அன்று மாலை இருவருமாகத்தான் இன்ஜினைப் பிரித்தோம். பிஸ்டன் முழுக்கக் கீறல். அவன் எனக்குப் பாடம் எடுத்தான்: "பெட்ரோல் கம்மியானா வண்டி முதல்ல நல்லா இழுக்கும் சார். அப்புறம்தான் போகும். இதுல ஆயில் தனியா இல்ல, அதுக்குள்ளேயே கலந்துதான வருது? அதைக் குறைச்சா ஆயிலும் குறையும்ல?"

எரிபொருள் வேகத்துக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். உராய்வைத் தணிப்பதும், சூட்டைக் கொண்டுபோவதும் அதுவேதான். அது குறையும்போது வேகம் கூடுவதும் உண்மை. கெட்டுப்போவதற்கு முந்தைய ஓட்டம்தான் இருப்பதிலேயே வேகமான ஓட்டமாகவும் இருந்தது.

பிரித்துக்கொண்டிருக்கும்போதே, "ஏன்டா ஒழுங்கா வர்றதில்ல?" என்று கேட்டேன். தலை நிமிராமல் சொன்னான்: "விளையாட்டு பீரியட் இருக்கிற ரெண்டு நாளாச்சும் வந்துட்டு இருந்தேன் சார். இப்ப அதுவும் இல்லையே."

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அந்த இரண்டு பாடவேளைகளையும் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு வாங்கியவன் நான். அறிவியல் சிறப்பு வகுப்புக்காக. முதல் இரண்டு வாரத் தேர்வுகளில் சராசரி ஏறியது. எனக்கு மகிழ்ச்சி. வருகைப் பதிவேட்டில் எத்தனை பேர் மெல்ல மெல்ல நின்றுகொண்டிருந்தார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. புகை நின்றுபோனதை மைதானத்திலும் நான் பார்க்கவில்லை அல்லவா?

திங்கட்கிழமை அந்தப் பாடவேளைகளைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் முதல் மதிப்பெண் வாங்கினான் என்று கதை சொல்லப் போவதில்லை. பள்ளிக்கு வந்தான். தேர்வு எழுதினான். தேர்ச்சி பெற்றான். இப்போது ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். புது பிஸ்டன் வந்தபோது பொருத்தியதும் அவன்தான்.

இதை உங்கள் பள்ளியில் செய்ய நைட்ரோ வண்டி வேண்டாம். வேண்டவே வேண்டாம் என்றும் சொல்வேன். கியர் உள்ள ஒரு சைக்கிள் போதும். முன் பற்கள், பின் பற்கள், சக்கரச் சுற்றளவு, 50 மீட்டர், ஸ்டாப்வாட்ச். முதலில் கணிக்கச் சொல்லுங்கள், பிறகு அளக்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கணிப்பும் அளவும் ஒத்துப்போகாத இடத்தில் அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். அங்கேதான் பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

பொதுத்தேர்வு நெருங்குகிறது. நாம் எல்லோரும் திருகைத் திருப்பத்தான் போகிறோம். அரைக்காலாகத் திருப்புவோம். ஒவ்வொரு திருப்புக்கும் பிறகு மதிப்பெண் பட்டியலோடு வருகைப் பதிவேட்டையும் ஒரு முறை பார்ப்போம். ஓரமாக நிற்கிற பிள்ளை "நிறுத்துங்க சார்" என்றால் நிறுத்துவோம்.