மண்வெட்டி முன்னே, மூட்டை பின்னே
(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காவிரிப் படுகையின் களிமண் வயல்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது சம்பாப் பயிரில் தண்ணீர் தேங்குகிறது. பயிர் மஞ்சளாகிறது. பதறிப்போய்த் தேங்கிய நீரிலேயே யூரியாவை வீசிவிடுகிறோம். 45 கிலோ மூட்டை ஒன்றில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது. இப்படி வீசினால் அதில் பாதிகூடப் பயிருக்குச் சேராது.

மீதி எங்கே போகிறது? களிமண்ணில் நீர் மெதுவாகவே கீழிறங்கும். ஆகவே சத்து அடியில் இறங்கி வீணாவதைவிடக் காற்றில் போவதே அதிகம். நீரில் கரைந்த யூரியா அம்மோனியாவாக மாறி, வெயில் ஏற ஏற ஆவியாகிறது. பாசி படர்ந்த வயலில் இந்த இழப்பு மேலும் மிகும். வயல் காய்ந்திருக்கும் நாட்களில் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறுகிறது. மறுபடி நீர் தேங்கியதும், காற்றுப் புகாத சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கி வெளியேற்றிவிடுகின்றன. வரப்பு வழிந்தோடும் நீரோடு போவது தனி.

“வேம்பு பூசிய யூரியாதானே இடுகிறோம்?” என்று கேட்பீர்கள். 2015 முதல் நம் நாட்டில் அப்படித்தான் வருகிறது. வேம்பு, நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும்; அம்மோனியா ஆவியாவதைத் தடுக்காது.

ஆகவே முதல் வேலை வடிகால். மேல்வயல்காரர் மட்டும் மடையைத் திறந்தால் நீர் கீழ்வயலில் தேங்கும். வாய்க்காலின் கடைசி வரை அனைவரும் கூடி வெட்டிவிடுங்கள்.

நீர் வடிந்து சேறு தெரிந்த பிறகு, ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருங்கள். மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து, மழை இல்லாத வேளையில் இடுங்கள். வரிசை நடவானால் களைக்கருவியை ஓட்டி உரத்தைச் சேற்றோடு கலந்துவிடுங்கள்.

அடுத்த மேலுரத்திற்கு இலை வண்ண அட்டையைப் பாருங்கள். நட்ட 14ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை, காலையில், 10 பயிர்களில் நன்கு விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 4ஆம் எண்ணைவிட வெளிறியிருந்தால் மட்டும் உரம் இடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் எண் போதும். பச்சையாக நிற்கும் பயிருக்கு மேலும் யூரியா இடுவது புகையானையும் குலைநோயையும் அழைப்பதாகும்.

தேங்கிய நீரில் மஞ்சளாகும் பயிர் முதலில் கேட்பது வேருக்குக் காற்று. அதன் பிறகே உரம். எனவே மண்வெட்டி முன்னே செல்லட்டும். மூட்டை பின்னே வரட்டும்.